காலடி முந்தியதா, பந்து முந்தியதா?

கிரிக்கெட் தெரியாத வீடு நம் ஊரில் இல்லை. ரன் அவுட் என்றால் என்னவென்று கேட்டால் ஐந்தாம் வகுப்புப் பையன் தரையில் கோடு கிழித்துக் காட்டிவிடுவான். ஆனால் பள்ளிகளுக்கிடையே நடக்கும் மென்பந்தாட்டத்தை, மைதானத்தில் எல்லோரும் சாஃப்ட்பால் என்று சொல்லும் ஆட்டத்தை, முதன்முறையாகப் பார்க்க வரும் பெற்றோர் பத்தே நிமிடத்தில் குழம்பிப் போகிறார்கள். ஒரு மாணவி முதல் பேஸை நோக்கி ஓடுகிறாள். அவளை யாரும் தொடவில்லை. நடுவர் வலக்கை முட்டியை உயர்த்தி 'அவுட்' என்கிறார். சற்று நேரத்தில் இன்னொருத்தி இரண்டாம் பேஸுக்கு ஓடி வருகிறாள். பந்து அவளுக்கு முன்பே வந்துவிட்டது. ஃபீல்டர் பந்தும் கையுமாகப் பேஸின் மேல் காலை ஊன்றி நிற்கிறாள். நடுவரோ இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து 'சேஃப்' என்கிறார். இது என்ன நியாயம்?

நியாயம் இருக்கிறது. இரண்டு வரியில் அடங்கிவிடும் நியாயந்தான். அதை விளங்கிக்கொண்டால் மைதான ஓரத்தில் எழும் சச்சரவுகளில் பாதி அடங்கும். மீதிப் பாதிக்குக் காரணம் விதியன்று. ஒளியும் ஒலியும் நம் மூளையும் சேர்ந்து செய்யும் வேலை அது. கல்லூரியில் பௌதிகம் கற்பிக்கும் எனக்கு இந்த இரண்டாம் பாதியே அதிகச் சுவையுடையது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். எனினும் விதியை முதலில் பார்ப்போம்.

1887-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில், ஒரு படகோட்டிகள் சங்கத்தின் கூடத்துக்குள், குத்துச்சண்டைக் கையுறை ஒன்றைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கி, துடைப்பக் கழியால் அடித்து விளையாடினார்கள். அதிலிருந்து பிறந்தது இந்த ஆட்டம். பேஸ்பாலின் தங்கை எனலாம். பெண்களுக்கான ஒலிம்பிக் ஆட்டமாக 1996-ல் சேர்க்கப்பட்டு, 2008-க்குப் பின் நீக்கப்பட்டு, 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் மீண்டும் தலைகாட்டியது. இந்தியாவில் இதற்கெனத் தேசியச் சங்கம் இருக்கிறது. பள்ளி, பல்கலைக்கழகப் போட்டிகளில் இது இடம் பெற்றிருக்கிறது. அந்தப் போட்டிகளில் கிடைக்கும் சான்றிதழ் கல்லூரிச் சேர்க்கையில் சில வேளைகளில் கைகொடுக்கும். ஆகவே ஒரு தவறான 'அவுட்' வெறும் விளையாட்டுச் செய்தியாக முடிந்துவிடுவதில்லை. மென்மை என்பது பெயரில் இருக்கிறதேயன்றிப் பந்தில் இல்லை. அதன் சுற்றளவு ஏறத்தாழ 30 செ.மீ., எடை 180 முதல் 200 கிராம் வரை. கிரிக்கெட் பந்தைவிடக் கனமானது!

ஆடுகளத்தின் உட்பகுதி ஒரு சதுரம். பக்கம் ஒவ்வொன்றும் 18.29 மீட்டர், அதாவது 60 அடி. ஒரு மூலை 'ஹோம்', பந்தை அடிப்பவர் நிற்குமிடம். மற்ற மூன்று மூலைகளில் முதல், இரண்டாம், மூன்றாம் பேஸ்கள். நான்கு மூலைகளையும் வரிசையாகத் தொட்டுச் சுற்றி வந்தால் ஒரு ரன். மூன்று பேர் அவுட்டானால் அந்த அணியின் முறை முடிந்தது.

கட்டாயம் உண்டா, இல்லையா?

கிரிக்கெட்டில் பந்தை அடித்தவர் ஓடித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. அடித்துவிட்டு நின்ற இடத்திலேயே நிற்கலாம். மென்பந்தில் அந்தச் சுதந்திரம் கிடையாது. அடித்த பந்து எல்லைக் கோடுகளுக்குள் விழுந்ததோ, முதல் பேஸை நோக்கி ஓடியே தீரவேண்டும். அங்கே ஏற்கெனவே ஒருத்தி நின்றிருந்தால்? ஒரு பேஸில் ஒருவருக்குத்தான் இடம். ஆகவே அவள் இரண்டாம் பேஸுக்கு ஓடவேண்டும். அங்கும் ஒருத்தி இருந்தால் அவள் மூன்றாம் பேஸுக்கு. மாநகரப் பேருந்தில் வாசலில் ஒருவர் ஏறினால் உள்ளே நிற்பவர்கள் ஒவ்வொருவராக நகர்வார்கள் அல்லவா? அந்தத் தள்ளல் எங்கே ஒரு காலி இடம் இருக்கிறதோ அங்கே நின்றுவிடும். அதற்கு முன்னால் நிற்பவருக்கு நகரவேண்டிய கட்டாயமில்லை. அதே கதைதான்.

இனி அந்த இரண்டு வரி. ஓடியே ஆகவேண்டியவளை அவுட்டாக்க, அவள் போகவேண்டிய பேஸைப் பந்துடன் தொட்டால் போதும். தானாக விரும்பி ஓடுபவளை அவுட்டாக்க, பந்துடன் அவளையே தொடவேண்டும்.

ஏன் இந்த வேறுபாடு? கட்டாயத்தால் ஓடுபவளுக்குப் போக்கிடம் ஒன்றே ஒன்றுதான். அந்த வாசலை அடைத்துவிட்டால் கதை முடிந்தது. விருப்பத்தால் ஓடுபவளோ பாதி வழியில் திரும்பி, பழைய பேஸுக்கே ஓடிவிடலாம். அவளுக்கு வாசல்கள் இரண்டு. ஒன்றை அடைத்ததால் அவள் பிடிபட்டாள் என்று சொல்ல முடியாது. ஆகையால் அவளைத் தொட்டுத்தான் காட்டவேண்டும். முதல் வகை நம் ரன் அவுட்டுக்கு உறவு. இரண்டாம் வகை கிளித்தட்டுக்கு உறவு. (இலங்கைப் பள்ளிகளில் ஆடப்படும் 'எல்லே' இன்னும் ஒருபடி கடுமையானது. ஓடுபவர் மேல் பந்தை எறிந்து அடித்தே அவுட்டாக்கலாம். 200 கிராம் மென்பந்தைக் கொண்டு அப்படிச் செய்ய விதி இடம் தரவில்லை என்பது நம் மாணவிகளின் நல்ல காலம்!)

தொடக்கத்தில் சொன்ன விசித்திரமான 'சேஃப்'பை இப்போது விளக்கலாம். முதல் பேஸில் ஒருத்தி நிற்கிறாள். அடித்தவள் ஓடி வருவதால் இவள் இரண்டாம் பேஸுக்குக் கட்டாயமாக ஓடுகிறாள். ஆனால் முதல் பேஸில் உள்ள ஃபீல்டர் பந்தை எடுத்து, முதலில் தன் பேஸை மிதித்துவிட்டு, அதன் பிறகே இரண்டாம் பேஸுக்கு எறிகிறாள். பேஸை மிதித்த அந்தக் கணத்தில் அடித்தவள் அவுட். பின்னாலிருந்து தள்ளியவர் பேருந்தைவிட்டு இறங்கிவிட்டார்! முன்னால் ஓடுபவளுக்கு இருந்த கட்டாயம் மறைந்துவிட்டது. வேண்டுமானால் அவள் முதல் பேஸுக்கே திரும்பலாம். எனவே இரண்டாம் பேஸில் காலை ஊன்றி நிற்பது பயனற்றது. குனிந்து அவளைத் தொட்டிருக்கவேண்டும். நடுவர் சொன்னதே சரி.

உயரே எழும்பிய பந்தைப் பிடித்துவிட்டாலும் இதே கதைதான். அடித்தவள் அவுட், கட்டாயம் ரத்து. மேலும், பந்து பிடிபடுமுன் பேஸைவிட்டுக் கிளம்பியவர்கள் திரும்பிப்போய்ப் பேஸைத் தொட்டுவிட்டே மறுபடி ஓடலாம். இதில் ஒரு தந்திரத்துக்கு வழியிருக்கிறது. முதல், இரண்டாம் பேஸ்களில் ஆள் இருக்கும்போது எளிதாகப் பிடிக்கக்கூடிய பந்தை ஃபீல்டர் வேண்டுமென்றே தவறவிட்டால், பிடிபடும் என்று நம்பி நின்றவர்கள் திடீரென்று ஓடவேண்டியவர்களாகி, இருவர் ஒருங்கே அவுட்டாவார்கள். அதைத் தடுக்கத்தான், இரண்டு பேர் அவுட்டாகாத நிலையில் அத்தகைய பந்து உட்களத்தில் எழும்பினால், அது கீழே வருமுன்பே 'அடித்தவர் அவுட்' என்று நடுவர் அறிவித்துவிடுகிறார். கட்டாயம் போயிற்று, தந்திரமும் போயிற்று.

மூன்று விநாடிப் பந்தயம்

இப்போது பௌதிகத்துக்கு வருவோம். நன்றாக ஓடும் மாணவி ஹோமிலிருந்து முதல் பேஸுக்கு ஏறத்தாழ 3 விநாடியில் வந்துவிடுவாள். முடிவில் அவள் வேகம் விநாடிக்குச் சுமார் 7 மீட்டர். அதே நேரத்தில் பந்து என்ன செய்கிறது? தரையோடு உருண்டு மூன்றாம் பேஸ் ஃபீல்டரிடம் செல்ல ஒரு விநாடி என்று கொள்வோம். குனிந்து எடுத்து எறிய முக்கால் விநாடி. மூன்றாம் பேஸிலிருந்து முதல் பேஸுக்கு உள்ள தூரம் சதுரத்தின் மூலைவிட்டம். பைதகரஸ் தேற்றப்படி 18.29-ஐ 2-ன் வர்க்கமூலத்தால் பெருக்க, 25.9 மீட்டர் கிடைக்கும். விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் எறிந்தால் 1.3 விநாடி. கூட்டிப் பாருங்கள், மொத்தம் 3.05 விநாடி! இந்த ஆட்டத்தில் 'மயிரிழை' முடிவுகள் அடிக்கடி வருவது தற்செயலன்று. 60 அடி என்ற அளவே பந்தையும் காலையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கொண்டுவந்து சேர்க்கிறது.

இப்போது நடுவரின் இடத்தில் உங்களை நிறுத்திப் பாருங்கள். பேஸில் காலடி பட்ட கணம் ஒன்று, கையுறையில் பந்து விழுந்த கணம் மற்றொன்று. எது முந்தியது? ஃபீல்டர் ஒரு காலைப் பேஸில் வைத்து மறுகாலை நீட்டி, கையை முன்னே நீட்டி வாங்குவாள். கையுறைக்கும் பேஸுக்கும் இடையே ஒன்றரை மீட்டர் இருக்கும். 5 மீட்டர் தள்ளி நிற்பவர் கண்ணுக்கு அது ஏறத்தாழ 17 டிகிரிக் கோணம். நம் விழித்திரையிலோ கூர்மையாகப் பார்க்கும் பகுதி 2 டிகிரி அளவே. கையை நீட்டிக் கட்டை விரல் நகத்தைப் பாருங்கள், கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆகவே இரண்டையும் ஒரே பார்வையில் கூர்மையாகக் காண இயலாது. கண்ணை இங்கும் அங்கும் ஓட்டினால் இரண்டையுமே இழப்போம்.

நடுவர்கள் இதற்குக் கண்டுபிடித்திருக்கும் வழி மிக அழகானது. கண்ணைப் பேஸின்மேல் வைக்கிறார்கள். காதைக் கையுறைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். தோல் கையுறையில் கனத்த பந்து விழும்போது எழும் 'டப்' என்ற ஓசைக்காகக் காத்திருக்கிறார்கள். காதுக்குத் திசை பார்த்துத் திரும்பவேண்டிய அவசியமில்லையே! ஓசை கேட்டபோது காலடி பேஸில் இருந்தால் சேஃப், இல்லையேல் அவுட். உடனே கையைத் தூக்குவதில்லை. பந்து கையுறையில் தங்கியதா, நழுவி விழுந்ததா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டே தீர்ப்பு. ஓசையோடு சேர்ந்து கையையும் உயர்த்துபவர் ஒருநாள் அவமானப்படுவார்.

ஆனால் ஒலி மெதுவாக நடப்பது. சென்னையின் வெப்பக் காற்றில் விநாடிக்கு 350 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஓடுபவளின் வேகம் 7 மீட்டர். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 50 என்ற வசதியான எண் கிடைக்கிறது. அதாவது, ஒலி உங்களை வந்தடைவதற்குள் ஓடுபவள், நீங்கள் நிற்கும் தூரத்தில் ஐம்பதில் ஒரு பங்கு முன்னேறியிருப்பாள். 5 மீட்டரில் நிற்கும் நடுவருக்கு இந்தப் பிழை 10 சென்டிமீட்டர். 50 மீட்டருக்கு அப்பால் மைதானச் சுவரின் மேல் உட்கார்ந்திருப்பவருக்கோ ஒரு முழு மீட்டர்!

இதன் விளைவைக் கவனியுங்கள். பந்து கையுறையில் விழுந்தபோது ஓடுபவளின் கால் பேஸுக்கு அரை மீட்டர் பின்னால் இருந்தது. அவள் தெளிவாக அவுட். நடுவருக்கு அது தெரிகிறது. சுவரின் மேல் இருப்பவருக்குக் காலடி பேஸில் படுவது உடனே தெரிகிறது, 'டப்' ஓசையோ அதற்குப் பின்னர் வருகிறது. 'கால் வைத்த பிறகுதானே பந்து வந்தது, என் காதால் கேட்டேன்' என்று அவர் சத்தியம் செய்வார். பொய் சொல்லவில்லை, அவர் கேட்டது அப்படித்தான். தொலைவிலிருந்து பார்ப்பவர்களின் காது எப்போதும் ஓடுபவர் பக்கமே சாயும். ஓடும் அணியின் ஆதரவாளர்கள் வெளிக்களத்துக்குப் பின்னால் திரண்டிருந்தால், ஐம்பது நேர்மையான சாட்சிகள் ஒரு நேர்மையான நடுவரை எதிர்த்துக் கூச்சலிடுவார்கள். அத்தகைய கூச்சலில் ஒரு கல்லூரி மைதானத்தில் ஆட்டம் அரைமணி நேரம் நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன்.

இதைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கார்க் பந்துக் கிரிக்கெட் நடக்கும் திடல் எதற்கும் சென்று, மட்டையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நில்லுங்கள். பந்து மட்டையைவிட்டுக் கிளம்பிய பிறகே 'டொக்' என்ற ஓசை வரும். இடைவெளி கால் விநாடிக்கும் சற்று அதிகம்.

நடுவரின் 10 செ.மீ. பிழையாவது உண்மையில் பிழைதானா? இங்கே மூளை நடுவே வந்து கணக்கைக் குழப்புகிறது. விழித்திரையில் ஒளி பட்டு, அது வேதிமாற்றத்தால் நரம்புத் துடிப்பாக மாறுவதற்கு நேரம் பிடிக்கும். காதில் அந்த மாற்றம் விரைவாக நடக்கும். ஆகவே ஒளி விரைந்து வந்து கண்ணில் தாமதிக்கிறது, ஒலி தாமதித்து வந்து காதில் விரைகிறது. ஏறக்குறைய 10 மீட்டர் தொலைவில் இவ்விரண்டும் ஈடுகட்டிக்கொள்கின்றன என்று கூறுவர். கட்டாய ஓட்டத்துக்கான தீர்ப்பில் நடுவர் பேஸிலிருந்து 5, 6 மீட்டர் தள்ளி நிற்கவேண்டும் என்றும், ஆளைத் தொடும் தீர்ப்பில் 3, 4 மீட்டர் வரை நெருங்கவேண்டும் என்றும் பயிற்றுவிக்கிறார்கள். பின்னதில் காதுக்கு வேலையில்லை. கையுறை சட்டையை உரசியதா என்று கண்தான் பார்க்கவேண்டும்.

எவ்வளவு பயின்ற மனிதரும் இரண்டு நிகழ்ச்சிகளில் எது முந்தியது என்று சொல்ல, அவற்றுக்கிடையே விநாடியில் ஆயிரத்தில் 20 முதல் 40 பங்கு இடைவெளியாவது வேண்டும். 30 பங்கு என்று கொண்டால், அதற்குள் ஓடுபவள் 21 செ.மீ. ஓடிவிடுவாள். ஒரு சாண்! அந்த ஒரு சாணுக்குள் நடப்பதை எந்த நடுவராலும் அறிந்து சொல்ல இயலாது, தீர்மானிக்கத்தான் இயலும். அதற்கும் விதி ஒரு பிடி கொடுத்திருக்கிறது. ஓடுபவர் அடையுமுன் பந்து பேஸுக்கு வந்தால் அவுட் என்பதே வாசகம். 'முன்' என்று மனம் துணியாவிட்டால் அவுட் கொடுக்க ஆதாரமில்லை.

எங்கள் பகுதியில் இன்னொரு தொல்லை உண்டு. காலடிப்பேட்டையை ஒட்டிய திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகளின் ஹாரன் ஓசையில் கையுறையின் 'டப்' எங்கே கேட்கப்போகிறது? அப்படிப்பட்ட இடத்தில் ஆடினால் நடுவர் பின்வாங்கி நிற்பதே அறிவுடைமை. 10 மீட்டரில் அந்த 17 டிகிரி பாதியாகக் குறையும். கூர்மை போதாவிட்டாலும் இரண்டும் ஒரு பார்வைக்குள் வரும். (காலடிப்பேட்டைக்கும் காலடிக்கும் தொடர்பு தேடவேண்டாம். 1717 முதல் 1720 வரை சென்னையின் கவர்னராக இருந்த ஜோசப் காலெட்டின் பெயரால் நெசவாளர்களுக்கென அமைந்த 'காலெட் பேட்டை'தான் மக்கள் நாவில் இப்படியாயிற்று. காதில் விழுந்ததை மனம் தனக்குத் தெரிந்த சொல்லாக்கிக்கொள்ளும். நடுவர்கள் அஞ்சவேண்டிய பழக்கம் அது!)

நிற்பது எளிதன்று

முதல் பேஸைத் தொட்டுவிட்டு ஓடுபவள் நேரே தாண்டி ஓடிவிடலாம், பிறகு நிதானமாகத் திரும்பி வரலாம். கிரிக்கெட்டில் கோட்டைத் தாண்டி ஓடுவது போல. இரண்டாம், மூன்றாம் பேஸ்களில் இந்தச் சலுகை இல்லை. தாண்டி ஓடினால் தொட்டு அவுட்டாக்கிவிடுவார்கள். அதனால்தான் அங்கே சறுக்கி விழுகிறார்கள். விநாடிக்கு 7 மீட்டர் வேகம், மண்ணுக்கும் உடைக்கும் இடையே உராய்வுக் கெழு 0.65 என்று வைத்து வேகத்தின் வர்க்கத்தை உராய்வு முடுக்கத்தின் இருமடங்கால் வகுத்தால், நிற்கத் தேவையான தூரம் 3.8 மீட்டர். ஆகவே பேஸுக்கு மிக அருகில் வந்து சறுக்கத் தொடங்குபவள் தாண்டிப் போய்விடுவாள், அல்லது கணுக்காலை முறித்துக்கொள்வாள். முதல் பேஸில் மோதலைத் தவிர்க்கப் பல போட்டிகளில் இரட்டைப் பேஸ் வைக்கிறார்கள். வெள்ளைப் பாதி ஃபீல்டருக்கு, கோட்டுக்கு வெளியே உள்ள ஆரஞ்சுப் பாதி ஓடுபவருக்கு.

மோதல் என்றதும் 1999 பிப்ரவரியில் கல்கத்தா ஈடன் கார்டனில் நடந்தது நினைவுக்கு வரும். பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்டில் டெண்டுல்கர் ஓடிவந்தபோது, ஆடுகோட்டருகே நின்ற ஷோயப் அக்தரோடு மோதினார். எல்லையருகிலிருந்து எறிந்த பந்து ஸ்டம்பைத் தாக்கியபோது அவர் மட்டை தரையில் இல்லை. மூன்றாம் நடுவர் ஒளிப்படத்தைப் பார்த்து அவுட் என்றார். மக்கள் கொதித்தெழுந்தார்கள். கடைசி நாள் காலி அரங்கில் ஆட்டம் முடிந்தது. கிரிக்கெட் விதி, தடுத்தவர் வேண்டுமென்றே தடுத்தாரா என்று கேட்கிறது. வேண்டுமென்று செய்யவில்லையெனில் அவுட் அவுட்தான். மென்பந்து விதி மனத்தைப் பார்ப்பதில்லை. கையில் பந்து இல்லாமலும், அடித்த பந்தை எடுக்கும் முயற்சியில் இல்லாமலும் ஓடுபவளின் வழியில் ஃபீல்டர் நின்று தடையானால், நடுவர் இடக்கையைப் பக்கவாட்டில் நீட்டிக் குறித்துக்கொள்வார். ஆட்டத்தை உடனே நிறுத்தமாட்டார். பிறகு, தடை இல்லாதிருந்தால் அவள் எந்தப் பேஸை அடைந்திருப்பாளோ அதைக் கொடுத்துவிடுவார். மாறாக, அடித்த பந்தை எடுக்கப் போகும் ஃபீல்டரை ஓடுபவள் இடித்தால், அவள் அவுட். எண்ணத்தை அளக்க முயலாமல் இடத்தை அளக்கும் இந்த விதியே எனக்கு மேலானதாகப் படுகிறது.

முறையீட்டு விஷயத்தில் இரண்டு ஆட்டங்களும் தலைகீழ். கிரிக்கெட்டில் கேட்காமல் அவுட் கிடையாது. மென்பந்தில் நடுவர் தாமாகவே சொல்லிவிடுவார். ஆனால் ஓடுபவள் ஒரு பேஸைத் தொடாமல் தாண்டிச் சென்றாலோ, பிடிபட்ட பந்துக்கு முன்னரே கிளம்பிவிட்டாலோ, கண்ணாரக் கண்ட நடுவரும் வாய் திறக்கக்கூடாது. எதிரணி கேட்டால்தான் சொல்லவேண்டும்.

கேமரா வந்தபின் இவையெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். 1992 நவம்பரில் டர்பனில் மூன்றாம் நடுவரின் ஒளிப்படத் தீர்ப்பால் அவுட்டான முதல் ஆட்டக்காரரும் டெண்டுல்கரே. ரன் அவுட்தான். ஆனால் விநாடிக்கு 25 படம் எடுக்கும் கேமராவில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஓடுபவர் 28 செ.மீ. நகர்ந்திருப்பார். மனிதக் கண்ணின் ஒரு சாணைவிட அதிகம்! இன்றைய கைப்பேசியில் மெதுவோட்டப் பதிவு விநாடிக்கு 240 படம் எடுக்கும். இடைவெளி 3 செ.மீ.-க்கும் குறைவு. உங்கள் மகளின் போட்டியை அப்படிப் பதிவு செய்து பார்க்க விரும்பினால், படத்தை மட்டும் நம்புங்கள். 30 மீட்டர் தள்ளி நின்று எடுத்த பதிவில் 'டப்' ஓசை 20 படங்கள் பிந்தியே பதிவாகியிருக்கும். கையுறையில் பந்து புகும் படத்தையும் பேஸில் கால் படும் படத்தையும் எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.